மன்னிக்க நாம் யார்?

கேள்வி: ஹாலிவுட் நடிகரும் இயக்குநருமான மெல் கிப்சன் 2006-ல் குடிபோதையில் யூதர்களைப் பற்றி ஏதோ உளறியதை இத்தனை வருடம் கழித்தும் சொல்லிக் காட்டுகிறார்களே? 'குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு' என்பார்கள். மறுநாளே மன்னிப்பும் கேட்டுவிட்டார். ரசிகர்களாகிய நாங்களே மன்னித்துவிட்டோம். ஒரு பெரிய கலைஞனை இன்னும் துரத்துவது நியாயமா?

பதில்: உங்களை அவர் திட்டவில்லையே, பிறகு எதை மன்னித்தீர்கள்? அடி வாங்கியவன் ஒருவன் இருக்க, தெருவில் நின்று பார்த்தவர்கள் கூடி 'சரி, விட்டுவிடலாம்' என்று தீர்ப்புச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பிரபலம் குடித்துவிட்டு யாரையாவது இழிவாகப் பேசும்போதெல்லாம் இதுதான் நடக்கிறது. பேசியவரின் மனசு எப்படிப்பட்டது, அவருடைய எதிர்காலம் என்ன ஆகும் என்று ஊரே கவலைப்படுகிறது. யாரைப் பற்றிப் பேசினாரோ அவர்கள் அந்த விவாதத்திலேயே இல்லை.

முதலில் நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'ஏதோ உளறினார்' என்ற உங்கள் வார்த்தையில் பாதி மறைந்துபோகிறது. 2006 ஜூலை 28 அதிகாலை, கலிபோர்னியாவின் மாலிபு கடற்கரைச் சாலை. மணிக்கு 45 மைல் மட்டுமே அனுமதிக்கப்பட்ட இடத்தில் 87 மைல் வேகத்தில் வந்த கிப்சனின் காரை போலீஸ் நிறுத்தியது. ரத்தத்தில் ஆல்கஹால் 0.12 சதவீதம், அங்கே சட்டம் போட்டிருக்கும் எல்லை 0.08. அந்த நிலையில் அந்த வேகத்தில் வந்த கார் ஒரு உயிரை எடுத்திருக்கலாம். இதைப் பற்றி அன்றும் சரி, இன்றும் சரி, பேசுவோர் குறைவு. கைது செய்த அதிகாரியிடம், உலகத்தில் நடக்கும் எல்லாப் போர்களுக்கும் யூதர்கள்தான் காரணம் என்று கத்தினார். நீ யூதனா என்றும் கேட்டார். அந்த அதிகாரி யூதர்தான்.

அசம்பாவிதம் எதுவும் இல்லாமல் கைது நடந்தது என்றுதான் காவல்துறை முதலில் சொன்னது. அதிகாரி கையால் எழுதிய அறிக்கையின் பக்கங்கள் வெளியே வந்த பிறகுதான் உலகத்துக்கு விஷயம் தெரிந்தது.

இனி உங்கள் பழமொழிக்கு வருகிறேன். குடிகாரன் கொடுக்கும் வாக்கை நம்பி ஏமாறாதே என்று கேட்பவனை எச்சரிப்பதற்குச் சொன்னது அது. பேசியவனுக்கு எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம் இல்லை. மது மூளையின் கட்டுப்பாட்டைத் தளர்த்தும். சொல்லக் கூடாது என்று நிதானத்தில் அடக்கி வைப்பதை அடக்க முடியாமல் போகும். ஆனால் அது யாருக்கும் புதிதாக ஒரு கருத்தைக் கற்றுக் கொடுப்பதில்லை. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் குடிக்கிறார்கள். அழுகிறார்கள், பாடுகிறார்கள், பக்கத்தில் இருப்பவனோடு சண்டை போடுகிறார்கள். யூதர்கள்தான் போர்களை உண்டாக்குகிறார்கள் என்ற வாக்கியம் அவர்கள் எல்லோர் வாயிலும் வருவதில்லை.

அது தானாக முளைக்கிற வாக்கியமும் இல்லை. நூறு வருடத்துக்கும் மேற்பட்ட சரித்திரம் அதற்கு உண்டு. யூதர்கள் ரகசியமாகக் கூடி உலகத்தை ஆளச் சதி செய்கிறார்கள் என்று காட்டும் போலி ஆவணம் ஒன்று 1903-ல் ரஷ்யாவில் அச்சாகி, பல மொழிகளில் பரவியது. 1939 ஜனவரி 30 அன்று ஜெர்மனி நாடாளுமன்றத்தில் பேசிய ஹிட்லர், யூதர்கள் இன்னொரு உலகப் போரை மூட்டினால் ஐரோப்பாவில் யூத இனமே அழிக்கப்படும் என்றார். போரைத் தொடங்கியது அவர். பழி யூதர்கள் மேல். அந்தப் பழியைச் சொல்லிச் சொல்லியே சுமார் 60 லட்சம் பேரைக் கொன்றார்கள். அந்தக் கொலைகளில் தாத்தா பாட்டியை இழந்த ஒருவர், அதே வாக்கியத்தை ஒரு பெரிய நடிகர் வாயிலிருந்து கேட்கிறார். இவர் குடித்திருந்தார், போகட்டும் என்று அவர் தூங்கிவிட முடியுமா? கிப்சன் கத்திய அந்த வாரங்களில் இஸ்ரேலுக்கும் லெபனானின் ஹெஸ்புல்லா இயக்கத்துக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. அந்தப் போரில் இஸ்ரேல் அரசு செய்ததை எவ்வளவு கடுமையாகவும் விமர்சிக்கலாம். எதிரில் நிற்கும் போலீஸ்காரனின் பிறப்பைக் கேட்பது விமர்சனம் இல்லை.

கிப்சனுடைய தந்தை ஹட்டன் கிப்சன், யூதப் படுகொலை பற்றிய விவரங்கள் கட்டுக்கதை என்று வெளிப்படையாகப் பேசியவர். தந்தை பேசியதற்கு மகனைத் தண்டிக்க நான் தயாரில்லை. ஆனால் இந்த வாக்கியத்தை அவர் தன் வாழ்நாளில் அன்று இரவுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார் என்று நம்பவும் நான் தயாரில்லை. இதற்கு மேல் அவர் மனசைத் திறந்து பார்க்க யாராலும் முடியாது, எனக்கு அதில் அக்கறையும் இல்லை.

துரத்துகிறார்கள் என்கிறீர்கள். யார் துரத்தினார்கள்? யூதப் படுகொலையைப் பற்றி அவருடைய நிறுவனத்தோடு சேர்ந்து எடுக்க இருந்த ஒரு தொடரை ஏபிசி தொலைக்காட்சி கைவிட்டது. நடிகர்களுக்கு வாய்ப்பு பேசித் தரும் ஏரி எமானுவேல் என்ற பெரிய ஏஜென்ட், இவரோடு இனி யாரும் வேலை செய்யக் கூடாது என்று எழுதினார். அன்று சோனி ஸ்டூடியோவின் தலைமையில் இருந்த ஏமி பாஸ்கல் வெளிப்படையாகக் கண்டித்தார். மற்றபடி, ஸ்டூடியோக்களை ஆளுகிறவர்களில் பெரும்பாலோர் வாயைத் திறக்கவில்லை. 2004-ல் அவர் எடுத்த படம் உலகம் முழுக்க 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்திருந்தது. அந்த மௌனத்துக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அதே 2006 டிசம்பரில் டிஸ்னி வெளியிட்ட அவருடைய அடுத்த படம் முதல் வாரம் அமெரிக்காவில் வசூலில் முதலிடம். நீதிமன்றம் கொடுத்தது மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பும், 1,300 டாலர் அபராதமும், மதுவிலிருந்து மீளும் கூட்டங்களுக்குப் போகவேண்டும் என்ற நிபந்தனையும். பின்னர் சில வருடங்கள் வாய்ப்பு குறைந்தது உண்மைதான். அதில் பெரிய பங்கு 2010-ல் வெளிவந்த வேறொரு தொலைபேசிப் பேச்சுப் பதிவுக்கு உண்டு. 2017-ல் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. 2025-ல் டிரம்ப் அவரை ஹாலிவுட்டுக்கான சிறப்புத் தூதர்களில் ஒருவராக அறிவித்தார்.

மாட்டிக்கொண்டான் என்று கைகொட்டிச் சிரித்த கூட்டமும் உண்டு. அவருடைய குடிநோயைக் கேலி செய்தார்கள். அதுவும் எனக்குச் சம்மதமில்லை. குடி ஒரு நோய். இளவயதிலிருந்தே அதனோடு போராடியதாக அவர் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் எல்லாப் பழியையும் அந்த நோயின் மேல் போடுகிறவர்கள், ஒருவரையும் இழிவுபடுத்தாமல் அதே நோயோடு தினமும் போராடுகிறவர்களை அவமானப்படுத்துகிறார்கள். அவர்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

மறுநாளே மன்னிப்புக் கேட்டார் என்றீர்கள். அந்த முதல் அறிக்கையில், வெறுக்கத்தக்க விஷயங்களைச் சொன்னேன் என்று இருந்தது. யாரைப் பற்றிச் சொன்னார் என்பது இல்லை. யூதர் என்ற சொல்லே இல்லை. யூத அமைப்புகள் இதைச் சுட்டிக் காட்டிய பிறகு ஆகஸ்ட் 1-ம் தேதி இரண்டாவது அறிக்கை வந்தது. அதில் யூத சமூகத்திடம் நேரடியாக மன்னிப்புக் கேட்டார், நேரில் சந்திக்கவும் விரும்புவதாகச் சொன்னார். முதல் அறிக்கையை நிராகரித்த அமைப்பின் தலைவரே இதை வரவேற்றார். அவருக்கு அதைச் செய்ய உரிமை இருந்தது, செய்தார். யோம் கிப்பூர் என்று யூதர்களுக்கு ஒரு பாவமன்னிப்பு நாள் உண்டு. அன்று விரதமிருந்து கடவுளிடம் மன்றாடுவார்கள். ஆனால் சக மனிதனுக்குச் செய்த தீங்குக்கு அந்த நாளும் உதவாது, அந்த மனிதனிடமே போய் அவனைச் சமாதானப்படுத்த வேண்டும் என்பது அவர்கள் மரபு. நான் முதலில் கேட்டதையே அவர்கள் பல நூற்றாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள்.

இன்னொருவர் கதையையும் பாருங்கள். 2011-ல் பாரிஸில் ஒரு மதுக்கூடத்தில் குடித்துவிட்டு இதேபோல் பேசிய ஆடை வடிவமைப்பாளர் ஜான் கலியானோவை டியோர் நிறுவனம் சில நாளிலேயே வேலையை விட்டு நீக்கியது. போதையில் இருந்தேன், மாத்திரையும் சாப்பிட்டிருந்தேன் என்று அவர் சொன்ன பிறகும் பிரெஞ்சு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. பிறகு சிகிச்சைக்குப் போனார், யூதத் தலைவர்களைத் தேடிப் போய்ச் சந்தித்தார். 2014-ல் இன்னொரு பெரிய நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டது. திரும்பி வருவதற்கு வழி இருக்கிறது. அந்த வழி ரசிகர்களிடம் இல்லை.

கிப்சன் விஷயத்தில் என்னை உறுத்துவது, உண்மையைச் சொன்னால், அந்த ராத்திரி அல்ல. கைது செய்த அதிகாரி அந்த வாரம் பத்திரிகையாளர்களிடம் பேசினார். கிப்சனுக்கு வலி தருவதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை, இனிமேலாவது குடித்துவிட்டு வண்டி ஓட்டும் முன் அவர் யோசித்தால் போதும் என்ற பொருளில் சொன்னார். பின்னாளில் அவர் தன் துறை மீதே வழக்குப் போட்டார். அந்த இழிசொற்களை அறிக்கையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள், பிறகு தன்னை ஒதுக்கினார்கள் என்பது அவருடைய புகார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. கிப்சனின் முதல் அறிக்கை என்ன குறை உடையதாக இருந்தாலும், போலீஸ்காரர்கள் தன்னைத் தன்னிடமிருந்தே காப்பாற்றினார்கள் என்று அதில் நன்றியோடு எழுதியிருந்தார். 2016-ல் ஒரு பேட்டியில் இந்தப் பேச்சு வந்தபோது, எட்டு டபுள் டக்கீலா குடித்த ஒரு ராத்திரியை வைத்து என் வாழ்நாள் வேலையை எடைபோடுவது அநியாயம் என்றார். அதில் நியாயம் இருக்கிறது. அதோடு நிறுத்தவில்லை. தன் பேச்சைச் சட்டவிரோதமாக ஒலிப்பதிவு செய்த நேர்மையற்ற போலீஸ்காரர் என்று அந்த அதிகாரியைச் சொன்னார். இதை அவர் ஒலிவாங்கிக்கு முன் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார், போதையில் அல்ல.