பள்ளி பார்க்கிங் லாட் விளக்கு: கேஸ் போடலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். பின்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் பள்ளி. பார்க்கிங் லாட்டைப் பெரிதாக்கி, 25 அடிக் கம்பங்களில் விளக்கு போடப் போகிறார்கள். எங்கள் டவுன்ஷிப் ஆர்டினன்ஸ் (உள்ளூர் விதி) 16 அடிதான் அனுமதிக்கிறது. அதற்காக வேரியன்ஸ் (விதிவிலக்கு) கேட்டு, நிலப் பயன்பாட்டு விதிகளைக் கவனிக்கும் ஜோனிங் போர்டுக்கு வந்திருக்கிறார்கள். முதல் ஹியரிங்கில் முடிவாகவில்லை; அடுத்த மாதம் தொடர்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு இப்போதே சரியான தூக்கம் இல்லை. பள்ளி முதல்வர் எங்களை மரியாதைக் குறைவாகப் பேசி அனுப்பினார். தெருவில் 40 பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்த மனுவை போர்டு ஏற்கவில்லை. உறுப்பினர்களுக்குத் தனித்தனியாக ஈமெயில் அனுப்பலாமா? கேஸ் போட்டால் ஜெயிக்குமா?

பதில்: முதல்வர் எப்படிப் பேசினார் என்பது எந்த போர்டுக்கும் எந்த நீதிபதிக்கும் தேவைப்படாத விஷயம். அதை விட்டுவிடுங்கள். மனுவையும் விட்டுவிடுங்கள். கையெழுத்துப் போட்டவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்பதால் பல போர்டுகள் அதைத் தொடுவதில்லை. அந்த 40 பேரில் நான்கு பேர் நேரில் வந்து சத்தியப் பிரமாணம் எடுத்துப் பேசினால் அதற்கு மதிப்பு உண்டு. உறுப்பினர்களுக்கு ஈமெயில் கட்டாயம் வேண்டாம். அது சாட்சியம் ஆகாது. உங்கள் பக்கம் சாயக்கூடிய உறுப்பினரே அதனால் விலக வேண்டி வரலாம்.

உங்கள் விஷயத்தில் சட்டம் பார்ப்பது ஒன்றைத்தான்: கூடுதலாகக் கேட்கும் 9 அடியால் அக்கம்பக்கத்துக்குக் கணிசமான பாதிப்பு உண்டு என்று ஹியரிங் பதிவில் சாட்சியம் இருக்கிறதா? பள்ளி கேட்பது ‘சி’ வகை வேரியன்ஸ், அதாவது அளவு சார்ந்த விதிகளிலிருந்து விலக்கு. உயரமான கம்பத்தால் வரும் நன்மை பாதிப்பைவிடக் கணிசமாகப் பெரிது என்று அவர்கள் காட்ட வேண்டும். கம்பங்கள் குறையும், வெளிச்சம் சீராகப் பரவும், சாயங்காலம் பிள்ளைகளை அழைத்துப்போக வருபவர்களுக்குப் பாதுகாப்பு என்று அவர்களுடைய இன்ஜினியர் சொல்வார். அந்த வாதத்தில் உண்மையும் இருக்கிறது. இதுவே அரசுப் பள்ளியாக இருந்திருந்தால் பிளானிங் போர்டு கருத்து மட்டும் சொல்லும், அது பள்ளியைக் கட்டுப்படுத்தாது. அந்த வகையில் உங்களுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது.

இனி கேஸ். சுப்பீரியர் கோர்ட்டில் உங்கள் அம்மாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள். நீதிபதி புதுச் சாட்சியம் கேட்பதில்லை. போர்டு முன்னால் நடந்ததன் எழுத்துப் பிரதியைப் படித்து, முடிவு தான்தோன்றித்தனமானதா என்று மட்டும் பார்ப்பார். அந்தப் பிரதியை எடுக்கும் செலவும் உங்களுடையது. அதில் ஒரு பக்கம் பள்ளியின் இன்ஜினியர் ஒரு மணி நேரம் பேசியிருக்க, இன்னொரு பக்கம் ‘எங்களுக்குத் தூக்கம் வராது’ என்பது மட்டும் இருந்தால், எந்த வக்கீலாலும் அதை வைத்து ஜெயிக்க முடியாது. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் ரெசல்யூஷன் (போர்டின் எழுத்துபூர்வ முடிவு) வந்த பிறகுதான் வருகிறார்கள். அப்போது செய்வதற்கு அநேகமாக எதுவும் மிச்சம் இருப்பதில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: நீங்கள் ஜெயித்துவிடுவது. வேரியன்ஸ் மறுக்கப்பட்டால் பள்ளி விளக்கே போடாமல் இருந்துவிடாது. ஆர்டினன்ஸ் அனுமதிக்கும் 16 அடிக் கம்பங்களோடு புது பிளான் போட்டு வரும். கம்பம் குட்டையானால் எண்ணிக்கை கூடும். அதில் சில உங்கள் வேலியை ஒட்டியே வரலாம். விதிக்கு உட்பட்ட பிளானை மறுக்க போர்டுக்கு அநேகமாக வழி கிடையாது. எத்தனை மணிக்கு அணைக்க வேண்டும் என்று நிபந்தனை போடும் பிடியும் அப்போது தளர்ந்துவிடும். போர்டில் கைதட்டி வெளியே வந்து, அடுத்த வருஷம் முன்பைவிட மோசமான வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் வேரியன்ஸ் என்ற ஒரு பிடி இருந்தது. அதைத் தாங்களே உடைத்துவிட்டார்கள்.

ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசம் செய்யுங்கள், அடுத்த ஹியரிங்குக்கு முன்பே. முதல்வரிடம் போகாதீர்கள். பள்ளியின் வக்கீலுக்கு உங்கள் வக்கீல் மூலம் கடிதம் போகட்டும். இன்னொரு மாத ஹியரிங் என்பது அவர்களுக்கும் செலவுதான், பேச வருவார்கள்.

எதைக் கேட்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பள்ளி ஒரு ஃபோட்டோமெட்ரிக் பிளான் காட்டும். எல்லைக் கோட்டில் சுழியம் அல்லது சுழியத்தை ஒட்டிய ஃபுட்கேண்டில் (வெளிச்ச அளவு) எண்கள் வரிசையாக இருக்கும். அது பொய் இல்லை. ஆனால் அது தரையில் விழும் வெளிச்சக் கணக்கு. உங்கள் மாடிப் படுக்கையறை ஜன்னலிலிருந்து அந்த எல்இடி நேராகக் கண்ணில் குத்துவதை அந்த எண்கள் காட்டாது. அதனால் விளக்கின் ஒளிமூலம் எந்த வீட்டு ஜன்னலிலிருந்தும் நேரடியாகத் தெரியக் கூடாது என்று கேளுங்கள். மேல்நோக்கி ஒளி கசியாத ஃபுல் கட்ஆஃப் விளக்கு, உங்கள் பக்கம் மறைப்புத் தகடு, 3000 கெல்வினுக்கு மேல் போகாத (மஞ்சள் சாயலான) நிறம், இரவு குறிப்பிட்ட மணிக்குப் பிறகு மங்கலாக்கும் அல்லது அணைக்கும் டைமர் ஆகியவற்றையும் கேளுங்கள். பொருத்தியபின் இரவில் டவுன்ஷிப் இன்ஜினியர் வந்து பார்த்து, தேவைப்பட்டால் திருத்தச் சொல்லும் நிபந்தனையை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். பல போர்டுகள் இதைக் கேட்டாலே சேர்த்துவிடுகின்றன.

இவை அத்தனையும் ரெசல்யூஷனில் எழுத்தில் இருக்க வேண்டும். ‘பத்து மணிக்கு அணைத்துவிடுவோம், கவலைப்படாதீர்கள்’ என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பாதீர்கள். முதல்வர் மாறுவார், பள்ளியே கைமாறும். ரெசல்யூஷனில் உள்ள நிபந்தனை அந்த நிலத்தோடு போகும். மீறினால் ஜோனிங் ஆபீசரிடம் அதைக் காட்டிப் பேசலாம்.

அப்புறம், எதிர்த்துப் பேச எழுந்திருக்கும் முன் உங்கள் வீட்டையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பின்னாலுள்ள டெக், ஷெட், நீங்கள் மாட்டிய ஃப்ளட் லைட் எல்லாவற்றுக்கும் தேவையான பெர்மிட் இருக்கிறதா? அடுத்தவர் மீது புகார் சொல்ல வந்தவர் வீட்டுக்கே நோட்டீஸ் போனதைப் பார்த்திருக்கிறேன்.

பள்ளி பேச மறுத்தால் லைட்டிங் இன்ஜினியர் ஒருவரை வைத்து அடுத்த ஹியரிங்கிலேயே சாட்சியம் கொடுக்க வையுங்கள். தெருவில் நான்கு வீடுகள் சேர்ந்தால் செலவு தாங்கும். போர்டு முடிவு அறிவிப்பு அதிகாரபூர்வமாக வெளியான நாளிலிருந்து கோர்ட்டுக்குப் போக 45 நாள்தான். அந்தத் தேதியை நீங்களே கவனித்துக் குறித்து வையுங்கள். வீடு தேடி வந்து யாரும் சொல்ல மாட்டார்கள்.