ஒரே தூண்டில் மூன்று மீன்களுக்கும் போதுமா?

கேள்வி: டொராண்டோவில் வசிக்கிறேன். ‘ட்ரவுட், ஸ்டீல்ஹெட், பைக் அனைத்துக்கும் ஏற்றது’ என்று அட்டையில் அச்சிட்டிருந்த ஒரு தூண்டில் தொகுப்பைச் சென்ற ஆண்டு வாங்கினேன். ஆறரை அடிக் கோல், ரீல், அதில் ஏற்கெனவே சுற்றப்பட்ட, 12 பவுண்டு இழுவை தாங்கும் தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு), ஒரு பெட்டி செயற்கை இரைகள் ஆகியவை அதில் இருந்தன. போர்ட் ஹோப்பில் கனரஸ்கா ஆற்றின் தெளிந்த நீரில் மூன்று நாள் நின்றும் ஸ்டீல்ஹெட் ஒன்றுகூடத் தொடவில்லை. ஏரியில் பைக் மீன் இரண்டு முறை இரையோடு நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது. இந்த ஆண்டு விலை உயர்ந்த கோல் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. நீங்கள் சொன்ன இரண்டு குறைகளும் நரம்பில் உள்ளவை. கோலின் விலையைக் கூட்டுவதால் அவை தீரமாட்டா. அட்டையில் இருந்த அந்த வாசகம்தான் உங்களைத் தவறான வழியில் கொண்டுபோயிருக்கிறது.

ஸ்டீல்ஹெட் என்பது தனி இனமன்று. ஏரிக்கோ கடலுக்கோ சென்று வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் வானவில் ட்ரவுட்தான் அது. பசிபிக் கரைக்கு உரிய இம்மீன் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேரேரிகளுக்குக் கொண்டுவரப்பட்டது. இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் அது ஆறேறி வரும்போது, ஆழமற்ற தெளிந்த நீரில் 12 பவுண்டுத் தங்கூசியின் தடிமன் அதன் கண்ணுக்குத் தப்பாது. எனவே ரீலில் 8 அல்லது 10 பவுண்டுத் தங்கூசியைச் சுற்றி, அதன் நுனியில் மூன்று அடி நீளத்துக்கு ஃபுளோரோகார்பன் நரம்பை முடியுங்கள்: தெளிந்த நீருக்கு 4 முதல் 6 பவுண்டு, கலங்கிய நீருக்கு 8 முதல் 10 பவுண்டு. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃபுளோரோகார்பனுக்கு அது ஏறத்தாழ 1.42; நைலானுக்கு 1.5க்கும் மேல். நீருக்கு நெருங்கிய எண் உடைய நரம்பு நீருக்குள் குறைவாகவே தெரியும் என்பதே இதற்குக் காரணம். ரீல் முழுவதையும் அதனால் நிரப்பிச் செலவை ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. நுனி நரம்புக்கென்று விற்கும் சிறிய சுருள் ஒன்றே பல பயணங்களுக்கு வரும்.

வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ‘ஃபுளோரோகார்பன் பூசியது’ என்றிருந்தால் உள்ளே இருப்பது நைலான்தான். ‘100 சதவீதம்’ என்று எழுதியிருப்பதையே கேளுங்கள். ஒரே பவுண்டு எண் போட்டிருந்தாலும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் தடிமன் வேறுபடும். ஆகவே சுருளில் மில்லிமீட்டரில் குறித்துள்ள விட்டத்தை ஒப்பிட்டு வாங்குங்கள்.

நீரின் நிலையை அறிவதற்குச் செலவே இல்லை. ஆறுகளின் நீர்மட்டத்தையும் ஓட்டத்தையும் கனடா நீர் அளவீட்டுத் துறை உடனுக்குடன் இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. கலங்கிய குட்டையில் மீன் பிடிப்பது எளிது என்பது நம் சொல்வழக்கு. ஆனால் மழைக்குப் பின் செம்மண் நிறத்தில் ஓடும் ஆற்றில் ஸ்டீல்ஹெட்டுக்கு இரை தெரியவே தெரியாது. வெள்ளம் வடியத் தொடங்கி, நீர் பச்சை கலந்த நிறத்துக்குத் தெளிந்து, ஓரிரு அடி ஆழம்வரை கண்ணுக்குப் புலப்படும் அந்த இடைவேளையே நீங்கள் போகவேண்டிய நேரம். அப்போது ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறங்களில் மீன் முட்டைகளை வலைத்துணியில் கட்டிய சற்றுப் பெரிய பொட்டலங்களைக் கோர்க்கலாம். முற்றிலும் தெளிந்தபின் விரல் நகத்தளவுக்குக் குறைத்து, வெளிறிய நிறத்துக்கு மாறுங்கள்.

கோலைப் பொறுத்தவரை, நீளந்தான் முக்கியம். தக்கை கட்டி மீன்பிடிக்க 11 முதல் 13 அடிக் கோல் ஏற்றது. அது நரம்பை நீரோட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்கும், வளைந்து கொடுத்து மெல்லிய நுனி நரம்பு அறுபடாமலும் காக்கும். நடுத்தர விலையில் கிடைப்பதே போதும். ஒன்டாரியோவில் பலர் விரும்பும், நடு அச்சில் தடையின்றிச் சுழலும் சென்டர்பின் ரீலை இப்போது வாங்க வேண்டாம், பழக நாளாகும். 2500 அல்லது 3000 அளவுச் சாதாரண ஸ்பின்னிங் ரீல் போதும். கடையிலேயே, மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் அதன் இழுவைப் பிடியைத் தளர்த்தி, நரம்பை மெல்ல இழுத்துப் பாருங்கள். முதல் இழுப்பில் திக்கித் திக்கி வந்தால் அதை விட்டுவிடுங்கள்.

பைக் மீனுக்குக் கோலைவிட முதலில் வேண்டியது எஃகுக் கம்பி. அதன் வாய் நிறையக் கூரிய பற்கள். தடித்த நைலானையும் அறுத்துவிடும். இரைக்கு முன்னால் சுமார் 30 சென்டிமீட்டர் கம்பி நரம்பைக் கட்டாயம் கட்டுங்கள். அறுந்து போன முள்ளோடு நீந்தும் மீன் இரை தின்ன முடியாமல் மடியக்கூடும் என்பதால், இதை நான் சிக்கனத்துக்கு மேலாகவே வலியுறுத்துகிறேன். முள்ளை எடுக்க நீண்ட மூக்குக் குறடும் ரப்பர் வலையும் வாங்குங்கள். கலங்கிய நீரில் பைக் தன் உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோட்டால் அதிர்வை அறிந்து வரும். ஆகவே சுழலும் தகடு கொண்ட இரைகள் உதவும். உங்கள் பழைய கோலைத் தூக்கி எறிய வேண்டாம். கைப்பிடிக்கு மேலே பொறித்துள்ள எடை வரம்புக்குள் வரும் ஸ்பூன்களை (கரண்டி வடிவ உலோக இரைகளை) அதைக் கொண்டே வீசலாம்.

கேள்வி: ஆற்றில் இறங்க, பயன்படுத்திய நீர்புகா உடை மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: சோதித்து வாங்கலாம். இருட்டறையில் உள்ளே கைவிளக்கை வைத்துத் தையல்களைப் பாருங்கள். ஒளிப்புள்ளி தெரிந்தால் நீரும் புகும். காலடிப் பாகம் ஃபெல்ட் எனும் கம்பளி போன்ற தடித்த அழுத்துத் துணியாக இருந்தால் தவிர்த்துவிடுங்கள். ஈரத்தைத் தேக்கி, டிடிமோ போன்ற பாசிகளை ஓர் ஆற்றிலிருந்து மற்றோர் ஆற்றுக்குச் சுமந்து செல்வதால், நியூசிலாந்து 2008இலும் அமெரிக்காவின் மேரிலாந்து 2011இலும் அதைத் தடைசெய்தன. ஆணி பதித்த ரப்பர் அடியே நல்லது. இடுப்புப் பட்டை இல்லாத உடையை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். தவறி விழுந்தால் உடையின் கால் பகுதிக்குள் நீர் நிரம்புவதைக் குறைப்பது அதுவே.

கேள்வி: மீன்பிடி உரிமத்தில் எது சிக்கனம்? பிடித்ததைச் சமைக்கலாமா?

பதில்: பெரும்பாலும் மீனை விட்டுவிடுபவராக இருந்தால், பிடிக்கும் எண்ணிக்கை வரம்பு குறைந்த பாதுகாப்பு உரிமம் விலையும் குறைவு. ஒன்டாரியோவின் 20 மீன்வள மண்டலங்களுக்கும் பருவமும் வரம்பும் வேறுபடும். போகுமுன் உரிய மண்டலத்தைப் பாருங்கள். பெரிய பைக் மீன்களில் பாதரசம் மிகுதியாகச் சேரும். எந்த நீர்நிலையில் எந்த அளவு மீனை எத்தனை வேளை உண்ணலாம் என்பதை மாகாண அரசின் மீன் உணவு வழிகாட்டி சொல்கிறது. உண்ணாமல் விடுவதானால், ஒரு வெப்பமானியை நூலில் கட்டி நீரில் விட்டுப் பாருங்கள். 20 பாகை செல்சியசை எட்டிவிட்டால் ட்ரவுட்டைப் பிடித்துத் திரும்ப நீரில் விட்டாலும் அது பிழைக்கும் வாய்ப்புக் குறையும், அன்று தூண்டிலை எடுக்க வேண்டாம்.