மார்பக ஆபரேஷன்: அனுபவப்பட்டவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

கேள்வி: எனக்கு 47 வயது. பல்லடம் பக்கம் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். வலது மார்பகத்தில் இரண்டு இடத்தில் கட்டி இருப்பதால் முழுவதுமாக எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அக்குளிலும் நெறிக்கட்டி இருக்கிறது. கீமோ முடிந்தது, ஆபரேஷனுக்கு இன்னும் மூன்று வாரம். அப்போதே வயிற்றுச் சதையை எடுத்து மார்பகம் மாதிரி அமைக்கலாம், சிலிக்கான் வைக்கலாம், இல்லையென்றால் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது, இரண்டு வருடத்துக்கு முன் இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஓர் அக்கா பழக்கமானார். நம்பர் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு என்றார். வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். ஆளுக்கு ஒன்று சொல்லி மனதைக் குழப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறார். பேசலாமா? மறுபடி எப்போது மெஷினில் உட்காரலாம்?

பதில்: கூப்பிடுங்கள். உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் குழம்புவதற்கும் ஒரு நேரம் உண்டு. ஆபரேஷனுக்கு முந்தைய இந்த மூன்று வாரம்தான் அது. தியேட்டருக்குள் போய் வந்த பிறகு வருகிற குழப்பத்துக்கு யாரிடமும் மருந்து கிடையாது.

நான் அறுவை மருத்துவர். எப்படி எடுப்போம், எத்தனை மணி நேரம் ஆகும், என்னென்ன சிக்கல் வரலாம் என்று அரை மணி நேரம் விளக்குவேன். தலையாட்டிவிட்டு வெளியே போகிறவர் பக்கத்து பெட்காரரிடம் கேட்பது வேறாக இருக்கும்: "டியூபோட எப்படிக்கா குளிச்சீங்க?" தொழிலுக்கு வந்து பல வருடம் வரை எனக்கு அதற்குப் பதில் தெரியாது. இடுப்பில் ஒரு பாவாடை நாடாவைக் கட்டி, டிரெயின் டப்பாவை (காயத்தில் ஊறும் நீர் டியூப் வழியாக வந்து சேரும் டப்பா) அதில் மாட்டிக்கொண்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நோயாளிகள்தான்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1952-இல் நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண்மணிக்கு மார்பகம் எடுக்கப்பட்டது. அந்தக் காலத்து ஆபரேஷனில் நெஞ்சுத் தசையையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். கையை எப்படித் தூக்குவது, உடைக்குள் என்ன வைப்பது, கணவரிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தேறியதும் அவரே கிளம்பி, புதிதாக ஆபரேஷன் ஆனவர்களை வார்டில் போய்ப் பார்க்க ஆரம்பித்தார். பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்து, ஒரு கயிறு, உள்ளாடையில் வைத்துக்கொள்ள ஒரு தற்காலிக மார்பு, இவ்வளவுதான் அவர் கொண்டுபோன பையில். சில டாக்டர்களுக்கு இது பிடிக்கவே இல்லை. 'ரீச் டு ரிகவரி' என்ற அந்த வேலையை 1969-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் எடுத்து நடத்தத் தொடங்கியது, பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. அதில் ஒரு கறாரான விதி: போய்ப் பார்ப்பவர் தன் அனுபவத்தைச் சொல்லலாம், வைத்தியம் சொல்லக் கூடாது. உங்கள் வீட்டுக்காரரிடம் இந்த விதியைச் சொல்லுங்கள். அந்த அக்காவிடம் பேசும்போதும் இதையே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாட்களை எப்படிக் கழித்தார் என்பது அவரிடம் கேட்க வேண்டியது. எந்த ஆபரேஷன், எந்த மருந்து என்பது எங்களிடம் கேட்க வேண்டியது.

முதலில் அவருடைய கதை உங்களுடையதோடு எந்த அளவு ஒத்துப்போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தார்களா, கரண்ட் வைத்தார்களா, மார்பகம் அமைத்துக்கொண்டாரா, எந்த முறையில், சுகர் இருந்ததா? கரண்ட் வைக்காத ஒருவர் "சிலிக்கான் வெச்சேன், ஒரு தொந்தரவும் இல்லை" என்றால் அது அவருக்கு உண்மை, உங்களுக்கு ஆகாமல் போகலாம். அப்புறம் மற்றதைக் கேளுங்கள். எந்தப் பக்கம் படுத்தார், எத்தனை தலையணை, சமையலை யார் பார்த்தார்கள், வண்டியில் பின்னால் உட்கார்ந்து போக எத்தனை நாள் ஆயிற்று, பார்க்க வந்த சொந்தக்காரர்களை எப்படிச் சமாளித்தார். (கடைசிக் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.) கண்ணாடி முன்னால் முதல் தடவை எப்போது நின்றார் என்றும் கேளுங்கள். சிலர் கட்டுப் பிரித்த அன்றே பார்த்துவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்தும் துண்டைப் போர்த்திக்கொண்டே குளிப்பவர்களும் உண்டு. இதில் சரி தப்பு எதுவும் இல்லை.

இன்னொன்று, எழுதத் தயக்கமாக இருந்தாலும் எழுதுகிறேன். வார்டில் பெண்கள் ஒருவருக்கொருவர் தழும்பைக் காட்டிக்கொள்வார்கள். பாத்ரூம் பக்கம் கூட்டிப்போய், முந்தானையை விலக்கி, "இவ்வளவுதான்டி" என்பார்கள். நான் காட்டும் போட்டோக்களைப் பார்த்து வராத தெளிவு அந்த அரை நிமிடத்தில் வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். போட்டோவில் இருப்பவருக்கு முகம் கிடையாது. இங்கே தழும்புக்கு மேலே சிரிக்கிற ஒரு முகம் இருக்கிறது. அந்த அக்கா தானாகக் காட்ட முன்வந்தால், உங்களுக்கும் மனம் இருந்தால், பாருங்கள். நீங்களாக வற்புறுத்த வேண்டாம்.

சரி, மார்பகம் அமைப்பதற்கு வருவோம். சிலிக்கான் முறையில் ஆபரேஷன் நேரம் குறைவு, வேறு இடத்தில் காயம் இல்லை. பல சமயம் முதலில் ஒரு பலூன் பையை வைத்து, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி மூலம் சலைன் ஏற்றி, தோலை விரித்துவிட்டுப் பிறகு சிலிக்கானை மாற்றுவோம். அது ஆயுசுக்கும் வருவதில்லை, பிற்பாடு மாற்ற வேண்டியிருக்கலாம். கரண்ட் வைத்த இடத்தில் அதைச் சுற்றி இறுகிப்போய் வலி தரும் வாய்ப்பும் அதிகம். வயிற்றுச் சதை முறையில் தொப்புளுக்குக் கீழே உள்ள தோலையும் கொழுப்பையும் ரத்தக் குழாயோடு எடுத்து, நெஞ்சில் உள்ள குழாயோடு மைக்ராஸ்கோப் வைத்து இணைக்கிறோம். ஆறு முதல் எட்டு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல். முதல் ஓரிரு நாள் மணிக்கொரு தடவை நர்ஸ் வந்து நிறமும் சூடும் பார்ப்பார், தூக்கம் இருக்காது. வயிற்றுத் தையல் இழுக்காமலிருக்க ஒரு வாரம் போலக் குனிந்துதான் நடக்க வேண்டும். ஆனால் அது உங்கள் சொந்தச் சதை, உடம்பு இளைத்தால் தானும் இளைக்கும், பெருத்தால் பெருக்கும். சிசேரியன் தழும்பு பெரும்பாலும் இதற்குத் தடை இல்லை. முதுகுத் தசையைத் திருப்பி வைக்கும் முறையும் உண்டு. நாள் முழுக்கத் தோளை வைத்து வேலை செய்கிற உங்களுக்கு அதை நான் முதலில் சொல்ல மாட்டேன்.

எந்த முறையானாலும் பழைய உணர்ச்சி வராது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். உருவம் கிடைக்கும், தொட்டால் மரத்துப்போன மாதிரிதான் இருக்கும். "யாரும் எங்கிட்ட சொல்லலை டாக்டர்" என்று அதிகம் கேட்பது இதைத்தான். நாங்கள் சொல்லியிருப்போம், ஆனால் 'புது மார்பகம்' என்ற வார்த்தையைக் கேட்ட காதில் அது ஏறியிருக்காது.

அக்குளிலும் நோய் இருந்ததால் உங்களுக்குக் கரண்ட் வைப்பார்கள் என்றே தோன்றுகிறது. அப்படியானால் இப்போது மார்பகத்தை மட்டும் எடுத்துவிட்டு, கரண்ட் முடிந்து ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து வயிற்றுச் சதையை வைத்து அமைப்பதைப் பற்றி உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். என் சாய்வு அந்தப் பக்கம்தான். ஐந்து வருடம் கழித்துக்கூடச் செய்துகொள்ளலாம், இந்தக் கதவு மூடுவதே இல்லை. செய்யாமலே விடலாம். அதுவும் ஒரு முடிவுதான், கோழைத்தனம் இல்லை. மார்பகம் அமைத்தால் நோய் திரும்பும், திரும்பினால் தெரியாமல் மறைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆபரேஷன் தேதி வாங்கும் முன்பே மருத்துவமனைக் காப்பீட்டுக் கவுன்டரில், எடுப்பதோடு அமைப்பதும் சேருமா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இனி வீட்டுக்காரர் சொன்னதில் உள்ள பாதி நியாயம். அனுபவப்பட்டவர்கள் அன்போடு சொல்கிற சில விஷயங்கள் தப்பாகவே இருக்கும். "அந்தக் கையால இனி ஆயுசுக்கும் தண்ணிக் குடம் தூக்காதே" என்பது அதில் முதலாவது. அக்குள் நெறிக்கட்டிகளை முழுவதும் எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்கலாம் என்பது உண்மைதான். ஓரிரு நெறிக்கட்டியை மட்டும் எடுத்துப் பார்ப்பவர்களுக்கு இது இருபதில் ஒருவர் என்ற அளவில் இருக்கும். எடை தூக்கினால் வீங்கும் என்று நாங்களே பல காலம் சொல்லிவந்தோம். 2009-இல் அமெரிக்காவில், ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டி முறையாகப் பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் மோசமாகவில்லை, திடீர்த் தொந்தரவுகளும் குறைந்திருந்தன. தூக்காமலே வைத்திருக்கும் கைக்குத்தான் பலம் போகும். முதல் ஆறு வாரம் கனம் வேண்டாம், பிறகு படிப்படியாகக் கூட்டுங்கள்.

அடுத்தது ஒத்தடம். தோள் இழுக்கிறது என்றால் யாராவது வெந்நீர்ப் பையோடு வந்து நிற்பார்கள். மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது, கொப்புளித்த பிறகுதான் தெரியும். மார்பிலும் அக்குளிலும் ஒத்தடமே வேண்டாம். முள்சீத்தா இலைக் கஷாயமும் எப்படியும் உங்களைத் தேடி வரும். புற்றுநோயை அது குணப்படுத்தும் என்பதற்கு மனிதர்களிடம் ஆதாரம் இல்லை. பூண்டு, மஞ்சள் மாத்திரைகள் எதுவும் சாப்பிட்டால் ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், ரத்தக்கசிவு அதிகமாகலாம். குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி இங்கே பேசவில்லை.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால், தையலைச் சுற்றிச் சிவப்பு பரவினால், டிரெயின் டப்பா திடீரென்று புது ரத்தமாக நிரம்பினால், அமைத்த மார்பகம் வெளுத்தோ நீலம் பாரித்தோ போனால், கெண்டைக்கால் வீங்கினால், மூச்சு வாங்கினால் அந்த அக்காவைக் கூப்பிடக் கூடாது. மருத்துவமனையைக் கூப்பிட வேண்டும், ராத்திரி இரண்டு மணியானாலும்.

அவரோடு பேசிய பிறகு தூக்கம் கெட்டால் சில நாள் பேசாமல் இருங்கள், நல்லவர்கள் தப்பாக நினைக்க மாட்டார்கள். இந்த நட்பில் ஒரு கனமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது சரியாகாது. கூட நின்ற ஒருவருக்கு நோய் திரும்பிவிட்டது என்ற செய்தி என்றைக்காவது வரலாம். அன்று தன் உடம்பையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் பலர். அவருடைய நோய் அவருடையது. உங்கள் பரிசோதனைத் தேதி மாறாது.

கடைசியாக மெஷின். நான் சொல்லும் கணக்கு மார்பகத்தை மட்டும் எடுப்பதற்கு. மறுநாளே விரல்களை மடக்கி நீட்டலாம், தலை வாரலாம். டிரெயின் எடுக்கும்வரை முழங்கையைத் தோளுக்கு மேலே உயர்த்த வேண்டாம். 24 மணி நேரத்தில் வரும் நீர் 30 மில்லிக்குக் கீழே இறங்கியதும் பொதுவாக டிரெயினை எடுப்போம். ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். அளவைத் தினமும் நோட்டில் குறித்து வையுங்கள். எடுத்த பின்னும் நீர் கோத்துக்கொண்டால் ஊசி போட்டு எடுத்துவிடலாம். பிறகு சுவரில் விரல்களை ஏணி மாதிரி ஏற்றும் பயிற்சி. சில வாரம் கழித்து அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கயிறு முறுக்கின மாதிரி இழுத்தால் பயப்படாதீர்கள். பயிற்சியை நிறுத்தாமல் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள், பெரும்பாலும் சில மாதத்தில் போய்விடும். பட்டன், ஹெம்மிங் மாதிரி சில்லறை வேலையை மூன்று, நான்கு வாரத்தில் தொடங்கலாம். மெஷினில் அரை மணி, பிறகு இடைவெளி. கனமான கத்தரிக்கோலால் அடுக்குத் துணி வெட்டுவதை ஆறு முதல் எட்டு வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள். கரண்ட் வைக்கும் வாரங்களில் அசதி வரும், அப்போது ஆர்டரைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஊசி குத்தாமல் விரலில் உறை மாட்டிக்கொள்ளும் பழக்கம் இல்லையென்றால் இப்போதே ஆரம்பியுங்கள். அந்தக் கையில் சின்னக் காயம் சீழ் பிடித்தாலும் வீக்கத்துக்கு வழி விடும். வலது கை வளையலையும் மோதிரத்தையும் ஆபரேஷனுக்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

கடையை மூடுவதற்கு முன் உங்களுக்கென்று இரண்டு ரவிக்கை தைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் கொக்கி, அக்குளில் இரண்டு விரல் தளர்வு, உள்ளே தையல் பிசிறு உரசாத மெல்லிய பருத்தி லைனிங். வலது பக்க லைனிங்கில் ஒரு பாக்கெட் வைத்தால், காயம் ஆறிய பிறகு பஞ்சிலோ பருத்தி நூலிலோ செய்த லேசான மார்பை அதில் செருகிக்கொள்ளலாம். டிரெயின் டப்பாவுக்குத் தோளில் குறுக்காக மாட்டும் துணிப் பை ஒன்றும் வேண்டும். அதன் அளவையும் வார் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதையும் அந்த அக்காவிடம் கேளுங்கள். நான் அளந்து பார்த்ததில்லை.