நித்தியகல்யாணியும் தங்கநிற ரிப்பனும்

கேள்வி: செப்டம்பர் மாதம் குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காகத் தங்கநிற ரிப்பன் குத்தச் சொல்கிறார்கள். ரிப்பனால் நோய் தீருமா?
- ஓர் ஆசிரியை, உசிலம்பட்டி

பதில்: ரிப்பனால் தீராது, டீச்சர். மருந்தால் தீரும். அந்த மருந்து ஆராய்ச்சியால் வந்தது.

மதுரையில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் ஊசி போடும்போது அம்மாக்களிடம் சொல்வேன்: "இது நம்ம நித்தியகல்யாணிச் செடியில இருந்து வந்ததும்மா." சுடுகாட்டு ஓரம் பூக்கிறதே, அதே செடிதான்! கண்கலங்கிக் கேட்பார்கள். (செடியை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அது விஷம்.) 1948-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை வேறொரு மருந்தால் தற்காலிகமாகவாவது அடக்கலாம் என்று காட்டினார். இன்று வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகளில் அப்படியில்லை. 2030-க்குள் உலகெங்கும் 60 சதவீதமாவது பிழைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு.

பெரியவர்களோடு ஒப்பிட்டால் நோயுற்ற குழந்தைகள் குறைவு. அதனால் மருந்து கம்பெனிகளுக்கும் அக்கறை குறைவு. ஆராய்ச்சிக்கு அரசுப் பணம்தான் வர வேண்டும், அதை நாம்தான் கேட்க வேண்டும். உங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

அப்புறம், விடாத காய்ச்சல், வெளுத்த முகம், அடிபடாமலே நீலத் தழும்பு, ஃபிளாஷ் போட்டோவில் கண்மணி வெள்ளையாகத் தெரிவது: இவற்றைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் கொடுத்தால், நானே பஸ் ஏறி வந்து பேசுகிறேன்.