ரோட்டரி இன்ஜின் மாடல்: கூடும் சுற்ற வேண்டுமா?

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் கடைசி வருஷம். புராஜெக்டுக்கு, கையால் சுற்றும் வான்கெல் இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும் இன்ஜின்) மாடலை 3டி பிரிண்டரில் செய்கிறோம். முதல் இன்ஜினில் வெளிக்கூடும் சேர்ந்து சுற்றியதாமே, அப்படியே செய்யலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. ஜெர்மனியின் என்.எஸ்.யூ. கம்பெனியில் 1957 பிப்ரவரியில் ஓடிய அந்த டி.கே.எம். இன்ஜினில் இரண்டுமே சுற்றின. அதிர்வு குறைவுதான். ஆனால் ஸ்பார்க் பிளக் ரோட்டருக்குள் இருந்தது. அதை மாற்ற இன்ஜினையே பிரிக்கணும். அதே கம்பெனியின் இன்ஜினியர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே கூட்டை நிறுத்தி, ரோட்டரை மட்டும் எக்சென்ட்ரிக் ஷாஃப்டில் (மையம் விலகிய தண்டில்) ஓடவிட்டார். பந்தயக் குதிரையை உழவுக் குதிரையாக்கிவிட்டீர்களே என்று இன்ஜினைக் கண்டுபிடித்த வான்கெல் நொந்துகொண்டாராம். 1964-இல் என்.எஸ்.யூ.வின் ஸ்பைடர் காரில் விற்பனைக்கு வந்தது அந்த உழவுக் குதிரைதான்.

அளவுக்கு ஜப்பானின் மஸ்தா கம்பெனியின் 10ஏ ரோட்டரி இன்ஜினைப் பாதியாக்குங்கள். ரோட்டர் மையத்திலிருந்து முனைக்கு 52.5 மி.மீ., எக்சென்ட்ரிக் விலகல் 7.5 மி.மீ. கூட்டின் உள்நீளம் 120, இடுப்பில் 90 வரும். ரோட்டர் முனையில் கூட்டின் சுவரை உரசி வாயு கசியாமல் தடுக்கும் பட்டைதான் சீல்; அதன் நுனியை வளைவாக்கினால் அந்த வளைவின் ஆரத்தைக் கூட்டின் உள்ளளவில் சுற்றிலும் கூட்டிக்கொள்ளுங்கள். கியரின் மாட்யூல் (பல் அளவு) 1 எடுத்தால் பக்கத்தட்டு கியருக்கு 30 பல், ரோட்டரின் உள்கியருக்கு 45 பல். பக்கத்தட்டு கியர் சுற்றவே கூடாது. பலரும் கோட்டைவிடும் இடம் இது. ஷாஃப்டில் மாட்டிய கைப்பிடி மூன்று சுற்று சுற்றினால் ரோட்டர் ஒரு சுற்று வரும்.

மார்க் இருப்பது சீலில். ஆரம்ப இன்ஜின்களில் ரோட்டர் முனையின் சீல் சுவரில் அலை அலையாகக் கீறியது. மஸ்தாவில் யமமோட்டோ கெனிச்சியின் குழு அதைப் பிசாசின் நகக்கீறல் என்றது. மாட்டெலும்பில்கூட சீல் செய்து பார்த்தார்கள். உண்மையில் குற்றவாளி அதிர்வு. நீளச் சாக்பீஸ் கரும்பலகையில் கிறீச்சிடும், பாதியாக ஒடித்தால் சத்தம் நின்றுவிடும் அல்லவா? இயல்பதிர்வெண் மாறியதுதான் காரணம். அவர்களும் உலோக சீலின் முனையருகே குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டு அதை மாற்றினார்கள், கீறல் நின்றது. 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் காருக்கு அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல் வந்தது. அதே வருஷம் வந்த என்.எஸ்.யூ.வின் ரோ 80 காரோ சீல் தேய்ந்தே பேரைக் கெடுத்துக்கொண்டது.

எனவே சீலை ரோட்டரோடு சேர்த்துப் பிரிண்ட் எடுக்காதீர்கள். மூன்று முனையிலும் பள்ளம் விட்டு, அடியில் வளைந்த பட்டை ஸ்பிரிங் வைத்துச் செருகுங்கள். வைவாவில் ஒன்றைக் கழற்றி எக்ஸாமினர் கையில் கொடுங்கள்.