சென்னைக்குள் ஓட்ட மட்டும் குட்டிக் கார் வாங்கலாமா?

கணவன், மனைவி இருவர்தான், அலுவலகமும் கடைகண்ணியும் ஊருக்குள்ளேயே, ஆல்ட்டோ அல்லது பேட்டரியில் ஓடும் காமெட் சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அபார்ட்மென்ட்டில் ஸ்டில்ட் பார்க்கிங், அதாவது கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே நிறுத்துமிடம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சரிப்படும். டிராஃபிக்கில் சீக்கிரம் போகலாம் என்ற ஆசை இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். கத்திப்பாராவில் ஆல்ட்டோவும் நிற்கும், ஃபார்ச்சூனரும் நிற்கும். லாபமெல்லாம் வண்டியை நிறுத்தும்போதும் திருப்பும்போதும்தான்.

எல்லோரும் நீளத்தைப் பார்க்கிறார்கள். பார்க்கவேண்டியது அகலம். ஆல்ட்டோ கே10 1,490 மி.மீ., எம்.ஜி. காமெட் 1,505, டாடா நெக்ஸான் 1,804. ஸ்டில்ட்டில் ஒரு காருக்குக் கோடு போட்டுத் தருவது பொதுவாக 2.5 மீட்டர் அகலம். அதில் தூண் 30 செ.மீ. உள்ளே வந்தால் மிச்சம் 2.2 மீட்டர். கண்ணாடியை மடக்கி, இடப்பக்கம் 10 செ.மீ. மட்டும் விட்டு ஒட்டி நிறுத்துங்கள். ஆல்ட்டோவில் டிரைவர் கதவுப் பக்கம் 61 செ.மீ. கிடைக்கும், சாதாரணமாக இறங்கலாம். நெக்ஸானில் 30 செ.மீ. கூடத் தேறாது, வயிற்றை எக்கினாலும் நடக்காது. புக் செய்யும் முன் டேப் எடுத்துத் தூணுக்குத் தூண் அளந்துவிடுங்கள். பில்டர் கொடுத்த பிளானை நம்பவேண்டாம்.

காமெட்டில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டே கதவு, இரண்டும் நீளம். நீளக் கதவு சுவரில் சீக்கிரம் இடிக்கும், அதனால் அதே இடைவெளியில் குறைவாகத்தான் திறக்கும். பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கவேண்டும். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் ஆல்ட்டோதான்.

திருப்புவதில் காமெட் ராஜா. திரும்பும் ஆரம் 4.2 மீட்டர், ஸ்விஃப்ட்டுக்கு 4.8. யு-டர்ன் அடிக்க ஒன்றுக்கு 8.4 மீட்டர் வேண்டும், மற்றதற்கு 9.6. மாம்பலம் சந்துகளில் அந்த 1.2 மீட்டர்தான் ஒரே மூச்சில் திரும்புவதா, ரிவர்ஸ் போட்டு நாலு பேரிடம் ஹாரன் வாங்குவதா என்று முடிவு செய்கிறது.

இங்கே ஒரு புலம்பல். ஜப்பானில் கேய் கார் என்ற குட்டிக் கார் வகைக்கு நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், இன்ஜின் 660 சிசி என்று மூன்றுக்கும் வரம்பு. நம் ஜி.எஸ்.டி. சின்ன பெட்ரோல் காரிடம் கேட்பது 1,200 சிசி, 4 மீட்டர் நீளம், அவ்வளவுதான். அகலத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால் பக்கவாட்டில் ஊதிய 3,995 மி.மீ. நெக்ஸான் பெட்ரோலும் 'சின்ன கார்' ஆகிவிடுகிறது. அதற்கும் 18 சதவீதம், ஆல்ட்டோவுக்கும் 18 சதவீதம். தெரு மட்டும் அகலமாகவில்லை.

'பாதுகாப்பில்லாத டப்பா' என்று சிலர் பாய்வார்கள். நான் சொல்வது ஊருக்குள் 40 வேகத்துக்கு. மாதம் நாலு தடவை திருச்சி போகிறவர் வேறு வண்டி பார்க்கட்டும்.

நவம்பர் மழையைச் சொல்லாமல் விடக்கூடாது. அரை டயர் தண்ணீருக்கு மேல் இறங்காதே என்பார்கள். ஆனால் அரை டயர் எல்லா வண்டிக்கும் ஒன்றல்ல. காமெட்டின் 145/70 ஆர்12 டயரில் பாதி 25 செ.மீ., ஆல்ட்டோவின் 145/80 ஆர்13-இல் 28, நெக்ஸானின் 215/60 ஆர்16-இல் 33. முன்னால் நெக்ஸான் போனதே என்று வேளச்சேரியில் பின்னாலேயே விடாதீர்கள். தண்ணீரில் ஆல்ட்டோ நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். தள்ளி மேட்டில் ஏற்றி, டோ வண்டியைக் கூப்பிடுங்கள். இன்ஷூரன்ஸில் இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் சேர்த்திருந்தால்தான் இந்தச் செலவு கிடைக்கும்.

காமெட் என்றால் சார்ஜிங். 17.3 யூனிட் பேட்டரி, 3.3 கிலோவாட் சார்ஜர்: முழுதாக ஏற ஏழு மணி நேரம், அதில் பெரும்பகுதி நேரம் 14 ஆம்பியர் இழுக்கும். பழைய ஒயரில் செருகினால் பிளக் உருகும். மீட்டரிலிருந்து தனி லைன் இழுங்கள்: 4 சதுர மி.மீ. காப்பர் ஒயர், 20 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு கூடினால் தானே விழும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த். முதல் நாள் ஒரு மணி நேரம் கழித்து பிளக்கின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடு பொறுக்க முடியவில்லை என்றால் சாக்கெட் பின் லூஸ், அன்றே மாற்றுங்கள்.