நெபுலைசர் கப்பில் மருந்து மீதமாகிறது

மருந்தைப் புகையாக்கி மூச்சில் தரும் நெபுலைசர் மெஷினில் மருந்து மீதமானால், மருந்தில் கோளாறு இருக்காது; கப்புக்குள் காற்று போதவில்லை, இல்லாவிட்டால் கப்பின் உள்துண்டு சரியாக இல்லை. கதிர் அடிக்கும் தூசியில் ஆறு வயதுப் பையனுக்கு இழுப்பு, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் ரெஸ்பியூல் (ஒரு வேளை மருந்து உள்ள சின்ன பிளாஸ்டிக் குப்பி) ஊற்றி 20 நிமிடம் வைத்தும் பாதி அப்படியே நிற்கிறது என்கிறீர்கள். சரியாக ஓடினால் 10 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். புகை உள்ளே போகவில்லை என்று நீங்களாக இன்னொரு ரெஸ்பியூலை ஊற்றிவிடாதீர்கள். அளவு கூடினால் கை நடுக்கமும் படபடப்பும் வரும்.

முதலில் மெஷினின் ஃபில்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சம்பா அறுவடையின்போது மன்னார்குடிப் பக்கம் வீட்டுக்குள்ளேயே வைக்கோல் தூசி படியும். வெள்ளைப் பஞ்சு கறுத்திருந்தால் புதிது போடுங்கள்.

அடுத்து கப்பைப் பிரியுங்கள். உள்ளே கூம்பு மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். பெரும்பாலும் கழுவும்போது தொலைவது அதுதான். அது இல்லாவிட்டாலோ, சாய்ந்து உட்கார்ந்தாலோ, மருந்து குமிழி விடுமே தவிர புகையாகாது. 3 மி.லி. நார்மல் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) மட்டும் ஊற்றி ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

நல்ல கப்பிலும் கடைசியில் 1 மி.லி. போல தங்கும். 2.5 மி.லி. ரெஸ்பியூலில் அதுவே பெரிய இழப்பு. அதனால்தான் சலைன் சேர்த்து 4 மி.லி. ஆக்கச் சொல்வார்கள், எவ்வளவு என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சலைனுக்குப் பதில் தண்ணீர், காய்ச்சி ஆறினதுகூட, வேண்டவே வேண்டாம். வெறும் தண்ணீர்ப் புகையே மூச்சுக்குழாயை இறுக்கும்.

மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருக்கட்டும், பையன் நிமிர்ந்து உட்காரட்டும்.

விலா நடுவே குழி விழுந்தாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பூத்தாலோ மெஷினை நோண்டிக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108. நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி இழுத்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.